அரைமூஞ்சி

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் நடித்தவர்களைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம். என் தங்கையின் கணவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கும்படி வீட்டுக்கே வந்து கேட்டார்கள். நாலு வார்த்தை என்றால் எழுதலாம். நல்லதாக என்றால்தான் இடிக்கிறது. ஆள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை அவரைப் பற்றி என்னை வாயைத் திறக்க விடாதவள் என் தங்கைதான், அதனால் அவளிடமே கேட்டேன். "எழுதுண்ணே, நடந்ததை எழுது" என்றாள். எழுதுகிறேன். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர்கள் பாடு.

ஸ்டுடியோவில் அவருக்குப் பட்டப்பெயர் அரைமூஞ்சி. நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, முதுகுக்குப் பின்னால் எல்லாரும் கூப்பிட்டோம். நான் அங்கே லைட்மேன். செட்டுக்கு மேலே கட்டிய பலகையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு விளக்கைத் திருப்புகிற வேலை. மேலே உட்கார்ந்திருப்பவனுக்குப் பெரிய பெரிய ஆட்களின் வழுக்கையெல்லாம் தெரியும். இவருக்கு வழுக்கை கிடையாது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். அடர்த்தியான முடி, எடுப்பான மூக்கு, ஆறடிக்கு அரை அங்குலம் குறைவான உயரம். அந்த அரை அங்குலத்தைக் கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நாடகத்தில் ராஜாவுக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நின்றவர். எந்தப் புண்ணியவான் கண்ணில் பட்டாரோ, ஒரு படத்துக்குக் கதாநாயகன் ஆகிவிட்டார்.

மூன்றாம் நாள் படப்பிடிப்பு. ஜன்னல் ஓரம் நின்று, வந்த கடிதத்தைப் படித்துவிட்டு அழ வேண்டும். அவருக்கு வலது பக்கம் நான் வைத்திருந்த பெரிய விளக்கின் பல்பு டப்பென்று வெடித்தது. கையோடு ஒரு மாற்று பல்பு எடுத்து வைத்திருக்க வேண்டியது என் பொறுப்பு. மறந்துபோயிருந்தேன். பல்பு இல்லாததால் வேலை நின்றது என்று முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே என் சீட்டுக் கிழிந்திருக்கும். ஒளிப்பதிவாளர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் திருதிருவென்று முழித்த முழியிலேயே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. நல்ல மனுஷர். ஜன்னல் பக்கம் போய், நடிகரின் தோளில் கையைப் போட்டு, "தம்பி, உனக்கு இடது பக்கம்தான் ராஜகளை. வலது பக்கம் அவ்வளவா எடுக்கல. இடதையே காட்டு" என்றார்.

என் வேலையைக் காப்பாற்றச் சொன்ன அந்தச் சின்னப் பொய் இவர் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் புது பல்பு வந்தது. வலது பக்கம் பளிச்சென்று வெளிச்சம் கொடுத்தேன். மனிதர் திரும்பவே இல்லை.

அந்தப் படம் சுமாராக ஓடியது. அதன் பிறகு அவர் நடித்த பதினாறு படத்திலும் அவருக்கு ஒரு கண், ஒரு காது, முக்கால் மூக்கு. அவர் உள்ளே வரும் கதவை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் செட் போடும் தச்சருக்கும் அவருக்கும் தினமும் சண்டை. வக்கீலாக நடித்தபோது நீதிபதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாதாடினார். ஒரு காதல் காட்சியில் அந்த நடிகைக்கும் இடது பக்கம்தான் எடுப்பு என்று யாரோ சொல்லித் தொலைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்று காதலித்தார்கள். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கதாநாயகன் போய் கதாநாயகனின் நண்பன், நண்பன் போய் அண்ணன், அண்ணன் போய் இன்ஸ்பெக்டர் என்று படிப்படியாக இறங்கினார். இறங்கும்போதும் பக்கவாட்டில்தான் இறங்கினார். கடைசிப் படத்தில் அவர் வரவே இல்லை, சுவரில் மாட்டிய போட்டோவாக மட்டும் இருந்தார். செத்துப்போன அப்பா வேஷம். நேராகப் பார்க்கிற மாதிரி ஒரு போட்டோ கொடுங்கள் என்று கெஞ்சினார்கள். பக்கவாட்டுப் போட்டோவைத்தான் கொடுத்தார். படம் முழுக்க பெண்டாட்டி பிள்ளைகள் அந்தப் போட்டோவுக்கு முன்னால் நின்று அழ, அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்ட ஆளுக்குத் தங்கையைக் கொடுத்தாயே என்று நீங்கள் கேட்பீர்கள். முதல் படம் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் எனக்குப் புத்தி கெட்டுப்போயிருந்தது. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. தங்கையை ஒரு நல்ல இடத்தில் கொடுக்க வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தேன். அவளுக்கு ஏழு வயதில் காய்ச்சல் கண்டு, இடது காதில் சீழ் வைத்து, அந்தக் காது அடியோடு போய்விட்டது. வலது காது நன்றாகக் கேட்கும். பெண் பார்க்க வந்த இரண்டு பேர் இதைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். அதனால் இவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது என்று மேக்கப் அறைக்குப் போனேன். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சிக்கு இடது காது சுத்தமா கேக்காதுங்க. பின்னால ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க" என்றேன்.

"இடதா? இடதுதான் நல்லது" என்றார்.

எவ்வளவு பெரிய மனசு என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். அவர் தன்னுடைய கன்னத்தைப் பற்றிப் பேசினார் என்று எனக்கு விளங்குவதற்குப் பல வருஷம் ஆயிற்று. நான் சொன்னதில் இடது என்ற ஒரு சொல்தான் அவருக்குள் போயிருக்கிறது. மற்றதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கல்யாணப் போட்டோவில் என் தங்கை நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். மாப்பிள்ளை வாசலைப் பார்க்கிறார். வீட்டிலும் அதே கூத்து. வலது கன்னம் சுவர்ப் பக்கம் வருகிற மாதிரி அவருக்கு ஒரு நாற்காலி, அதை யாரும் ஒரு விரல்கடை நகர்த்தக்கூடாது. யாரோடும் முகம் கொடுத்துப் பேசாதவர் என்று சிலரைச் சொல்வார்கள். இவர் பாதி முகம் கொடுத்தார், அதையும் தெருவுக்குத்தான் கொடுத்தார். வீட்டுக்குள் இருக்கும் நேரமெல்லாம் தூக்கம், இல்லாவிட்டால் கண்ணாடி. பெண்டாட்டியிடம் நாலு வார்த்தை பேசுவது சாயங்கால நடையில் மட்டும்தான்.

அந்த நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் ஐந்து மணிக்குச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பெண்டாட்டியோடு கிளம்புவார். வெளியே வந்தால் சனங்கள் பார்ப்பார்கள் அல்லவா, அதற்காக. சாலை எப்போதும் அவருக்கு இடது பக்கம் இருக்க வேண்டும். போகும்போது ஒரு ஓரம், வரும்போது எதிர் ஓரம். பெண்டாட்டி இடது பக்கம் வந்தால் கன்னத்தை மறைத்துவிடுவாள். அதனால் அவளுக்கு வலது பக்கம், சுவர் ஓரம். அவருக்கு வலது பக்கத்தில் நடந்தால் அவளுடைய இடது காதுதான் அவர் பக்கம் இருக்கும். நாள் முழுக்க வாயைத் திறக்காத மனிதர் வாயைத் திறக்கும் ஒரே நேரத்தில், கேட்காத காதில் பேசிக்கொண்டு வந்தார். முப்பது வருஷம்.

புதிதில் அவள் "என்னங்க?" என்று கேட்டிருக்கிறாள். "ஒண்ணுமில்ல போ" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாராம். ஒருநாள் அவர் ஏதோ கேட்டபோது, என்னவென்று தெரியாமலே "ஆமாங்க" என்று தலையாட்டியிருக்கிறாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் எதைக் கேட்டாலும் ஆமாங்க. கொஞ்சம் முன்னால் போய்க் கழுத்தைத் திருப்பி நல்ல காதைக் கொடுத்துப் பார்த்தாள், வழியை மறைக்கிறாய் என்று எரிந்து விழுந்தார். பக்கம் மாறி நடக்கலாமா என்று கேட்டாள், கன்னத்தைத் தடவிக்கொண்டே நடையைக் கட்டினார். காது விஷயத்தை நான் முதலிலேயே சொல்லியாயிற்று, அவருக்குத் தெரியும் என்றுதான் அவளும் இருந்தாள், அதைத் திரும்ப எடுக்க அவளுக்குக் கூச்சம்.

பிள்ளை குட்டி இல்லை. அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேர நடைதான். நான் வாரம் ஒருமுறை போவேன். மாப்பிள்ளை உள்ளே கண்ணாடி பார்த்துக்கொண்டிருப்பார், இவள் அடுப்படியில் என்னிடம் மெதுவாகச் சொல்வாள்.

"தினமும் ஒரே மாதிரிதான்ணே ஏதோ கேக்கறாரு. ரெண்டு வார்த்தைதான் இருக்கும். சந்தோஷமா இருக்கியான்னு கேக்கறாரோ என்னமோ. ஒரே ஒரு நாள் எனக்குக் கேட்டுட்டாப் போதும்ணே."

அந்த ஆளாவது இப்படிக் கேட்பதாவது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஆனால் ஒரு மூலையில் எனக்கும் ஆசை இருந்தது. அவள் நினைப்பது நிஜமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே, என் கணிப்புத் தப்பாகவே இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

ஒருநாள் துணிந்து அவரிடம் போனேன். ஸ்டுடியோவை இழுத்து மூடி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது, இனி எனக்கு என்ன பயம்? ஒரே ஒரு நாள் தங்கச்சியை அந்தப் பக்கம் விட்டு நடங்க மாப்பிள்ளை என்றேன். ரோட்டுக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று சினிமாவில் இருந்த உங்களுக்குமா தெரியாது என்று என்னையே திருப்பிக் கேட்டார். அப்போதுதான் பல்பு கதையைச் சொன்னேன். வெடித்தது, நான் மறந்தது, ஒளிப்பதிவாளர் எனக்காகச் சொன்ன பொய், ஒன்று விடாமல் சொன்னேன். உங்கள் இரண்டு கன்னமும் ஒன்றுதான், இரண்டையும் மேலே இருந்து பார்த்தவன் சொல்கிறேன் என்றேன். கேட்டுவிட்டு, நகத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். மேலே உட்கார்ந்திருந்தவனுக்குக் கீழே நின்றவன்மேல் கொஞ்சம் பொறாமை இருக்கத்தான் செய்யும், அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன் மச்சான் என்றார். ஒளிப்பதிவாளரும் உயிரோடு இல்லை, எனக்குச் சாட்சி யார்? வந்த வழியே திரும்பினேன். இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு இருப்பதால்தான் எனக்கு இத்தனை கோபம் என்று யாராவது சொன்னால், இருக்கட்டும், மறுக்க மாட்டேன்.

அவருக்கு அறுபத்திரண்டு நடந்தபோது, ஒரு காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது ஓரமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் இடது கண் மூட மாட்டேன் என்கிறது, இடது கன்னம் தொங்கிவிட்டது, உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. முகவாதம். டாக்டர் மாத்திரை கொடுத்தார். கை காலில் ஒன்றுமில்லை, தாராளமாக நடக்கலாம், கண்ணில் தூசி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகலாம் என்றார். மாப்பிள்ளை பத்து நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வீட்டில் இருந்த நாலு கண்ணாடிமேலும் துண்டைப் போட்டு மூடச் சொன்னார். எனக்கு இரக்கம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஒரு நாள் முழுக்க இருந்தது.

பதினோராம் நாள் நான் போனபோது ஒரு கண்ணாடியில் துண்டு இல்லை. வலது கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "மச்சான், இந்தப் பக்கமும் மோசமில்ல போலிருக்கே" என்றார், புதையல் கிடைத்தவர் மாதிரி. முப்பது வருஷமாக அது அங்கேயேதான் இருந்தது. நாற்காலியை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். சாயங்காலம் நடக்கப் போகலாம் என்றார். இனிமேல் சாலை வலது பக்கம், பெண்டாட்டி இடது பக்கம்.

என் தங்கைக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவருக்கு இடது பக்கம் நடந்தால் அவளுடைய வலது காது அவர் பக்கம் வரும். அடுப்படிக்குள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்குக் கேட்டுடும்ணே" என்றாள். ஐம்பத்து மூன்று வயது. தலையை இரண்டு தடவை வாரிக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்கு ஒரு கண் மூடாமல் நீர் வழிந்து பார்வை மங்கியதால் சாலையைக் கடக்கக் கைபிடித்துவிட ஆள் வேண்டும் என்று என்னையும் கூட வரச் சொன்னார்கள். இரண்டடி பின்னால் நடந்தேன். சாலைக்கு எதிர் ஓரத்தில் தையல் கடை வந்தது. மாப்பிள்ளை லேசாகத் தலையைச் சாய்த்து ஏதோ முணுமுணுத்தார். வாய் கோணியிருந்ததால் வார்த்தை கொஞ்சம் குழறியது. அவளுடைய தலை பழக்கதோஷத்தில் ஆமாம் என்று ஆடப் போய், பாதியில் நின்றது.

"என்னங்க கேட்டீங்க?"

"தையக்காரன் பாத்தானான்னு கேட்டேன்."

அவள் தையல் கடையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த ஆள் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார். அவள் தொடர்ந்து நடந்தாள். அடுத்து மருந்துக் கடை. "இவன் பாத்தானா?" அவன் யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தான். சைக்கிள் கடை. "பாத்தானா?" முடிவெட்டும் கடை. "பாத்தானா?" கடைக்குக் கடை அதே கேள்விதான். நான்காவது தடவை கேட்டபோது என் தங்கையின் நடை மெதுவானது. பின்னால் வந்த எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமும் இல்லை.

பள்ளிக்கூடத்து நீளச் சுவர் வந்தது. அங்கே கடை ஒன்றும் இல்லை. அவள் நின்றாள்.

"முப்பது வருஷமா இதைத்தான் கேட்டுக்கிட்டு வந்தீங்களா?"

"வேற என்னத்தக் கேப்பாங்க?" என்றார்.

நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். வேறு என்ன கேட்கலாம் என்பது அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. கல்லெடுத்து அடிக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் நிதானமாக இருந்தாள்.

"பாக்கலைங்க. தையக்காரர் பாக்கல. மருந்துக் கடைக்காரர் பாக்கல. ஒருத்தரும் பாக்கல."

"தினமும் ஆமான்னுதானே சொன்ன?"

"எனக்கு இடது காது கேக்காதுங்க. நீங்க என்ன கேட்டீங்கன்னே எனக்குத் தெரியாது."

மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பினார். முழுசாகத் திரும்பினார். ஏறின கன்னம், தொங்கின கன்னம் இரண்டையும் சேர்த்து அவளுக்குக் காட்டிக்கொண்டு அவர் நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று கேட்பார், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றாவது கேட்பார் என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே சொன்னேன் ஐயா என்று சொல்ல நாக்கு நுனியில் பதிலும் வைத்திருந்தேன்.

"அப்ப இத்தனை வருஷமா யாருமே பாக்கலையா?" என்றார்.

அவள் கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்தாள்.

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் ரோட்டையா பாத்தேன்? உங்களைத்தானே பாத்துக்கிட்டு வந்தேன்."

சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். மாப்பிள்ளை சாலையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார். கையைப் பிடித்து அழைத்து வரவேண்டியவன் நான். பிடிக்கவில்லை. தங்கைக்குப் பின்னால் நடந்தேன்.